மிருகத்தின் மீது பழி போடாதீர்கள்

நமது சிறுகதைகளில் தேய்ந்துபோன வசனம் ஒன்று உண்டு. ‘அவனுக்குள் உறங்கிக்கிடந்த மிருகம் விழித்துக்கொண்டது’ என்பதே அது. இனக்கலவரத்தைப் பற்றி எழுதினாலும், ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பற்றி எழுதினாலும், கதை உச்சத்தை எட்டும்போது இந்த மிருகம் தவறாமல் வந்து சேர்கிறது. டார்வினின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள்கூட, மனிதன் செய்த குற்றத்தைக் குரங்கின் தலையில் கட்டத் தயங்குவதில்லை. இதை வெறும் நடைக் குறைபாடு என்று விட்டுவிட முடியாது. இது உண்மைக்கு மாறானது, குற்றவாளியைத் தப்பவிடுவது.

முதலில் குரங்கின் கதையைப் பார்ப்போம். 1964 இல் ஜூல்ஸ் மாஸர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் றீசஸ் குரங்குகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தனர். சங்கிலியை இழுத்தால் உணவு கிடைக்கும். ஆனால் ஒரு சங்கிலியை இழுக்கும்போது, கண்ணெதிரே இருக்கும் இன்னொரு குரங்குக்கு மின்னதிர்ச்சி ஏற்படும். பெரும்பாலான குரங்குகள் அந்தச் சங்கிலியைத் தவிர்த்தன. ஒரு குரங்கு 12 நாட்கள் பட்டினி கிடந்தது. ‘மிருகத்தனம்’ என்று நாம் எழுதும் சொல்லுக்கு இந்தக் குரங்கு வழக்குத் தொடுத்தால் நம்மிடம் பதில் இல்லை.

டார்வின் 1871 இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், அறவுணர்வின் வேரைக் கூடிவாழும் பிராணிகளின் இயல்பூக்கங்களில்தான் தேடினார். குட்டியைப் பேணுதல், கூட்டத்தைப் பிரியாதிருத்தல், துணையின் வலியைக் கண்டு கலங்குதல் ஆகியவற்றோடு நினைவாற்றலும் சிந்தனையும் சேரும்போது மனச்சாட்சி பிறக்கிறது என்பது அவரது கருத்து. கூர்ப்புக் கோட்பாட்டை முழுமையாக ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விடயம். ஆனால் அக்கோட்பாட்டின் பெயரால் ‘வலியது பிழைக்கும், மற்றது சாகும், அதுதான் இயற்கை’ என்று பேசுபவர்கள் டார்வினைச் சரியாகப் படிக்கவில்லை.

அப்படியாயின் கொடுமை எங்கிருந்து வருகிறது? மாஸர்மனின் ஆய்விலேயே அதற்கு ஒரு தடயம் உண்டு. ஏற்கெனவே ஒரே கூட்டில் வாழ்ந்து பழகிய குரங்குக்காகவே மற்றது கூடுதலாகப் பட்டினி கிடந்தது. பரிவுக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கோட்டுக்கு உள்ளே இருப்பவர் நம்மவர். வெளியே இருப்பவர் மற்றவர்.

அந்தக் கோட்டை வரைவது எவ்வளவு எளிது என்பதை ஹென்றி தாஜ்ஃபெல் காட்டினார். போலந்தில் பிறந்த யூதரான அவர், நாஸிகளின் இனப்படுகொலைக்குத் தமது குடும்பத்தைப் பறிகொடுத்தவர். 1970 இல் வெளியான அவரது ஆய்வில், பிரிஸ்டல் நகரப் பாடசாலை மாணவர்கள் திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையை ஊகித்தனர். அதை வைத்துத் தம்மைப் பிரித்ததாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் எழுந்தமானமாகவே பிரிக்கப்பட்டார்கள். பணத்தைப் பங்கிடச் சொன்னபோது, முகம் தெரியாத ‘தம் குழுவினருக்கு’ அதிகம் கொடுத்தார்கள். மற்றக் குழுவை விட மேலே நிற்பதற்காகத் தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைவதையும் பொருட்படுத்தவில்லை. இதற்குப் பிரிஸ்டல் வரை போகவும் வேண்டியதில்லை. நமது பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும் வாரத்தில் ஒரே வாங்கில் இருக்கும் இரு பிள்ளைகளைப் பாருங்கள். இல்லம் பிரித்தவர் நாம். பகைமையை வளர்ப்பவர்கள் அவர்கள்.

ஆக, ‘நாம்’ என்று திரளும் உந்துதல் இயல்பூக்கம். ‘நாம்’ யார் என்பது கற்பிக்கப்படுவது. 1377 இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இதைத் தெளிவாகக் கண்டிருந்தார். அஸபிய்யா என்னும் குழுப்பற்று மனித இயல்பில் உள்ளது என்றவர், வம்சம் என்பது கற்பிதமே, அது ஏற்படுத்தும் பிணைப்பில்தான் அதன் பயன் இருக்கிறது என்றும் சொன்னார். அவரது மூதாதையர் வாழ்ந்த இஷ்பீலியாவில், இன்றைய செவில் நகரில், 1986 இல் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். யுத்தம் மனிதனின் பரம்பரையலகில் எழுதப்பட்டிருக்கிறது என்பது விஞ்ஞானரீதியில் தவறு என்றது அது. 1989 இல் யுனெஸ்கோ அதனை ஏற்றுக்கொண்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளைத் தேடிச் சென்றவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த மிருகத்துக்கு இடாப்பு வாசிக்கத் தெரியும்? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டவர்கள் நேரம் பார்த்து வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களுக்குள் குண்டுகளைச் சுமந்து சென்றவர்கள் நமது சமூகத்துப் பிள்ளைகள். அவர்களும் திட்டமிட்டே சென்றார்கள். இவை எதுவும் விழித்துக்கொண்ட மிருகத்தின் வேலையல்ல. யாரோ அமர்ந்து, நிதானமாக, மனித வட்டத்தைச் சுருக்கிக் கற்பித்ததன் விளைச்சல். அதே ஜூலையில் தமிழர்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்த சிங்கள, முஸ்லிம் அயலவர்களும் மனிதர்களே. அவர்களுக்கும் பயம் என்ற இயல்பூக்கம் இருந்தது. ஆனால் அவர்களின் வட்டம் பெரிதாக இருந்தது.

ஆத்திரமும் அச்சமும் இயல்பானவை அல்லவா என்று கேட்கலாம். இயல்பானவைதான். இயல்பானது என்பதால் ஒரு செயல் நியாயமாகிவிடாது. பசியும் இயல்பானது, அதற்காக அயலவனின் சோற்றைப் பறிப்பதை நாம் மன்னிப்பதில்லை. ஒரு மனவெழுச்சிக்குக் காரணம் கூறுவது வேறு. அதற்கு மன்னிப்பு வழங்குவது வேறு. நமது கதைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன.

எழுத்தாள நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த மிருகத்தைக் கதையிலிருந்து வெளியேற்றிவிட்டு, இடாப்பைக் கொடுத்தவன் யார், அவனிடம் அதைக் கொடுத்தவன் யார் என்று எழுதுங்கள். மேடையில் பேசியவனையும், கேட்டுத் தலையாட்டியவனையும் எழுதுங்கள். அவன் நம்மவனாக இருந்தாலும் எழுதுங்கள். ஆசிரியரும் எழுத்தாளரும் பிள்ளைகளின் மனதில் இந்தக் கோட்டை வரைபவர்கள். அதை எங்கே வரைந்தோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.