காற்றை ஆளும் நாடு

அரசுகள் இலக்குகளை அறிவிப்பது இக்காலத்தில் மிக எளிதாகிவிட்டது. இத்தனையாம் ஆண்டிற்குள் நிலக்கரியைக் கைவிடுவோம், கரிவளியை இத்தனை விழுக்காடு குறைப்போம், கதிரவனிடமிருந்தும் காற்றிடமிருந்தும் மின்னைப் பெறுவோம் என்று உலக மாநாடுகளில் உறுதி கூறாத அரசு இன்று அரிது. ஞாலம் வெம்மையுற்று வருவதும், பனிமலைகள் உருகுவதும், மழை பருவந் தப்பிப் பெய்வதும், கடல் கரையைத் தின்பதும் கண்கூடாகிவிட்ட பின், அங்ஙனம் கூறாதிருக்க எவராலும் இயலாது. ஆயின், கூறிய சொல்லைச் செயலாக்கியவர் யாவர், எவ்வாறு செயலாக்கினர் என்பனவே எண்ணத்தக்க வினாக்கள்.

இவ்வகையில் தமிழர் உற்றுநோக்கத் தக்கது தென்மார்க்கு நாடு. ஐரோப்பாவின் வடபால், கடல்களுக்கிடையே கிடக்கும் அந் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ அறுபது இலக்கம். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பத்திலொரு பங்கும் இல்லை. அங்கு உயர்ந்த மலை இல்லை. அணைகட்டி மின்னெடுக்கப் பேராறு இல்லை. நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. ஓயாது வீசும் கடற்காற்று உண்டு. 2023-ஆம் ஆண்டில் அந் நாட்டு மின்னில் பாதிக்கு மேற்பட்டது அக் காற்றிலிருந்தே கிடைத்தது.

இவ் வெற்றி ஓர் அரசாணையால் ஓரிரவில் வந்ததன்று. இதன் வேரைத் தேடிச் செல்வார் ஒரு பள்ளிக்கூடத்தின் வாயிலுக்கே வந்து சேர்வர். அதுவும் தாய்மொழியைக் காப்பதற்காகத் தோன்றிய பள்ளிக்கூடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்மார்க்கில் கற்றோர் என்பார் இலத்தீனத்தையும் செருமானியத்தையும் போற்றி, உழவர் பேசிய தம் நாட்டு மொழியை இழிவாக எண்ணியிருந்தனர். அந்நிலையை மாற்ற எழுந்தவர் சமயப் பணியாளரும் பாவலருமான குருந்துவிக்கு என்பார். பட்டத்திற்காகவும் தேர்விற்காகவும் அன்றி, எளிய மக்கள் தம் சொந்த மொழியில் வரலாறும் பாட்டும் உலகியலும் கற்றுத் தலைநிமிர்ந்த குடிமக்களாக வேண்டும் என்பது அவர் கொள்கை. அக் கொள்கைவழி முதல் மக்கள் உயர்பள்ளி 1844-இல் உரோதிங்கு என்னும் ஊரில் தோன்றியது. செருமானியத்தின் நெருக்குதல் மிகுந்திருந்த எல்லைப் பகுதி அது. 1864-இல் தென்மார்க்கு போரில் தோற்று அப் பகுதியையே இழந்தது. பள்ளியினர் சோர்ந்துவிடவில்லை, மறு ஆண்டே புதிய எல்லைக்குச் சற்று வடக்கே ஆசுக்கோவு என்னும் சிற்றூருக்குப் பெயர்ந்து சென்று பணியைத் தொடர்ந்தனர்.

அவ் ஆசுக்கோவுப் பள்ளிக்கு 1878-இல் அறிவியல் ஆசிரியராக வந்தவர் பவுல் இலாக்கூர். மின்னொளி நகரத்தார்க்கு மட்டும் உரியதாகிவிட்டால் சிற்றூர்கள் வறண்டு போகும் என்று அவர் கவன்றார். 1891-இல் அரசின் உதவித்தொகை பெற்று, பள்ளிக்கருகிலேயே மின்னாக்கும் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று நின்றபோது மின்னும் நின்றுவிடுமே என்பதற்கும் வழி கண்டார்; மின்னால் நீரைப் பகுத்து, அதினின்று வரும் நீரியத்தைச் சேமித்து எரித்துப் பள்ளியில் விளக்கேற்றினார். இன்று பசுமை நீரியம் என்று உலகம் வியந்து பேசுவதை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிற்றூர்ப் பள்ளியாசிரியர் செய்து காட்டினார்! பின்னர்ச் சிற்றூர் இளைஞர்க்கு மின்தொழில் வகுப்புகளையும் தொடங்கினார். 1904-இல் அவரிடம் பயின்ற யோகன்னசு யூல் என்பாரே, 1957-இல் கெட்சர் என்னும் ஊரில் 200 கிலோவாட்டு ஆற்றலுள்ள மூவிதழ்க் காற்றாலையை எழுப்பினார். இன்று உலகெங்கும், ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், சுழல்கின்ற காற்றாலைகளுக்கு அதுவே முன்னோடி.

இவ் விதை முளைத்ததற்குக் காலமும் துணைநின்றது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைச் சுருக்கியபோது, தன் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் அயல்நாட்டு எண்ணெயையே நம்பியிருந்த தென்மார்க்கு நிலைகுலைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உந்துகளை ஓட்டலாகாது என்று அரசு ஆணையிட்டது. பின்னர், அணுவுலைகள் கட்டலாம் என்று அரசும் மின்நிறுவனங்களும் திட்டமிட்டன. மக்களோ ஊர்தோறும் கூடி எதிர்த்தனர். எதிர்த்ததோடு நில்லாமல் தச்சரும் கொல்லரும் ஆசிரியரும் உழவரும் யூலின் வழியைப் பின்பற்றித் தத்தம் ஊர்களில் காற்றாலைகளைச் செய்யத் தொடங்கினர். 1985-இல் நாடாளுமன்றம் அணுமின்னைத் தன் திட்டத்தினின்று அறவே நீக்கியது. வேண்டா என்று சொன்ன மக்களே வேண்டுவது இது என்றும் காட்டியமையால், அரசு அவர் வழிக்கு வந்தது.

வந்த பின்னர் அவ் அரசு செய்த பணி சிறிதன்று. காற்றாலை நிறுவுவோர்க்குச் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கை 1979-இலிருந்து அரசே நல்கியது. தொழில் காலூன்றக் காலூன்ற அந் நல்கையைக் குறைத்துப் பத்தாண்டில் நிறுத்தியது. காற்றாலைகளின் தரத்தை ஆய அரசு ஆய்வு நிலையம் அமைத்தது. 1986-இல் எண்ணெய் விலை வீழ்ந்தபோது, மக்கள் பழைய பழக்கத்திற்குத் திரும்பாதபடி எரிபொருள் வரியை உயர்த்தியது. 1992-இல் கரிவளிக்கே வரி விதித்தது. உலகில் முதன்முதலாகக் கடலுக்குள் காற்றாலைகளை நிறுவியதும் அந் நாடே. 1991-இல் விண்டெபி என்னுமிடத்தில் எழுந்த அப் பதினொரு காற்றாலைகளும் கால் நூற்றாண்டு உழைத்து, 2017-இல் ஓய்வு பெற்றன.

இவ் வரலாற்றில் தமிழர் மறவாது குறித்துக்கொள்ள வேண்டியது, காற்றாலை யாருக்கு உரியது என்பதாகும். தென்மார்க்கின் தொடக்கக் காற்றாலைகளில் மிகப்பல, அண்டையில் வாழ்ந்தோர் கூடிப் பங்கு வாங்கி அமைத்த கூட்டுறவுகளுக்கு உரியவை. ஓர் இலக்கத்திற்கு மேற்பட்ட குடும்பங்கள் அவ்வாறு பங்காளிகளாயின. தலைநகர்க் கோப்பன்கேகன் கரைக்கு எதிரே கடலில் நிற்கும் இருபது காற்றாலைகளில் பாதி, எண்ணாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட எளிய மக்களின் கூட்டுறவுக்கு உரிமையாகத் தொடங்கியவை. சாம்சோ என்னும் தீவில் வாழ்வோர் ஏறத்தாழ நாலாயிரவரே. 1997-இல் அரசு நடத்திய போட்டியில் வென்ற அவர்கள், பத்தாண்டுக்குள் தாம் செலவிடும் மின்னினும் மிகுதியாகக் காற்றிலிருந்து ஆக்கலாயினர். புதிய காற்றாலையின் பங்குகளில் ஐந்திலொன்றையேனும் அருகில் வாழ்வோர்க்கு விற்க முன்வர வேண்டும் என்று 2008-இல் சட்டமே செய்தனர். 2020-இல் அம் முறையை மாற்றி, அண்டை வீட்டார்க்கு ஆண்டுதோறும் வருவாயில் ஒரு பகுதி கிடைக்க வழிசெய்தனர். தன் வீட்டு முற்றத்தில் விழும் நிழல் தனக்கும் வருவாய் தரும் எனின், அதனை எவன் பகைப்பான்?

அடுத்தது கணக்குக் கேட்கும் உரிமை. 2019-இல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் கையொப்பமிட்டுத் தட்பவெப்பச் சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தின்முன் வைத்தனர். 2020 சூனில் சட்டம் நிறைவேறியது. 1990-இன் அளவினின்று 70 விழுக்காட்டுக் கரிவளியை 2030-க்குள் குறைத்தல் அதன் இலக்கு. இலக்கினும் இன்றியமையாதது அதன் அமைப்பு. பொறுப்பமைச்சர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்ட வேண்டும். தனித்தியங்கும் அறிஞர் குழு அக் கணக்கை ஆய்ந்து வெளிப்படையாகக் கருத்துரைக்கும். குறையிருப்பின் புதிய நடவடிக்கைகளை அரசு முன்வைத்தே ஆக வேண்டும். அவ் ஆண்டு திசம்பரில், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுள் மிகுதியாக எண்ணெய் எடுத்துவந்த அந் நாடு, புதிய எண்ணெய்க் கிணறுகளுக்கு உரிமம் ஏலம் விடுவதில்லை என்றும், 2050-க்குள் எண்ணெய் எடுப்பதையே நிறுத்துவது என்றும் உறுதி செய்தது. வரும் வருவாயைத் தானே மறுத்துக்கொண்ட அரசு என்று அதைப் பாராட்டலாம்.

குறையே இல்லாத நாடென்று அதனைச் சொல்வதற்கில்லை. நிலக்கரிக்கு மாற்றாக அயல்நாடுகளிலிருந்தும் மரத்தைக் கொணர்ந்து எரிப்பதனை அந் நாட்டு அறிஞரே கடிகின்றனர். மக்கள்தொகையினும் பன்றித்தொகை மிகுந்த நாடு அது. கால்நடைகளால் எழும் வளிக்கு 2030 முதல் வரி என 2024-இல்தான் உடன்பாடு கண்டனர். உலகில் அத்தகைய வரிக்கு அதுவே முதல் என்பதும் உண்மை. 2024 திசம்பரில் வடகடலில் 3,000 மெகாவாட்டுக் காற்றாலைகளுக்கு அரசு ஏலம் கோரியபோது ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. வணிகர் கையை மட்டும் நம்பினால் காற்றும் ஒருநாள் கைவிடும் என்பதற்கு அதுவே சான்று.

தமிழர்க்கும் தென்மார்க்கிற்கும் தொடர்பு புதிதன்று. 1620-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர்கள், 1845-இல் அவ்வூரை ஆங்கிலக் குழுமத்திற்கு விற்றுவிட்டுச் சென்றனர். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1990-ஐ ஒட்டி, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தது அந் நாட்டரசின் உதவியால். கட்டபொம்மன் தூக்கிலேறிய கயத்தாற்று மண்ணில் இன்று காற்றாலைகள் காடாய் நிற்கின்றன. 1986-இல் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாட்டுக் காற்றுமின், 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. தமிழ்நாட்டரசு 2022-இல் தட்பவெப்ப மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது; பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024-இல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. இவை போற்றத்தக்கவையே.

ஆயின், தென்மார்க்கிலிருந்து காற்றாலை வந்தது. அதனைப் பெற்றெடுத்த முறை வந்ததா? இங்குள்ள காற்றாலைகளிற் பெரும்பாலன நூற்பாலைகளுக்கும் பெருந்தொழில் நிறுவனங்களுக்கும் உரியவை. நிலத்தை விற்ற உழவனுக்குச் சுழலும் இதழின் ஓசை மட்டும் மிச்சம். 2024 சூனில் இந்திய ஒன்றிய அமைச்சரவை, குசராத்துக் கடலிலும் தமிழ்நாட்டுக் கடலிலுமாக 1,000 மெகாவாட்டுக் காற்றாலைகள் அமைய 7,453 கோடி உருபா ஒதுக்கியது. அக் கடலில் வலைவீசி வாழும் பரதவர்க்கு அவற்றிற் பங்குண்டா?

மொழியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தொழில் திட்டங்களால் இயற்கைக்கு நேரும் கேட்டை மதிப்பிடும் விதிகளின் வரைவை 2020-இல் ஒன்றிய அரசு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டது. அதற்கு இணங்குதற்கு மாறாக ஒன்றிய அரசு உச்சமுறைமன்றம் வரை சென்று வழக்காடியது. தன் நிலத்தையும் நீரையும் பற்றிய விதியைத் தன் மொழியில் படிக்க விரும்புவது குற்றமா? படிக்கவியலாத ஒன்றுக்கு ஒருவன் எங்ஙனம் இசைவளிப்பான், எங்ஙனம் மறுப்பான்?

தென்மார்க்கின் வரலாறு காட்டும் ஒழுங்கு தெளிவானது. முதலில் தாய்மொழியில் கல்வி, கல்வியால் அறிவியல், அறிவியலால் தொழில், தொழிலில் மக்கட்கு உரிமை, உரிமையால் அரசைக் கணக்குக் கேட்கும் துணிவு. இவ் ஒழுங்கின் முடிவில் நிற்பதே அரசின் இலக்கு. வேரின்றி உச்சிக் கிளையை மட்டும் ஒடித்து வந்து நட்டால் அது தழைக்காது.

ஆதலின், தமிழ்நாட்டில் ஆற்றலையும் தட்பவெப்பத்தையும் பற்றி எழுதப்பெறும் ஒவ்வொரு வரைவும், எவ் அரசு எழுதினும், தமிழில் மக்கள்முன் வைக்கப்பெறல் வேண்டும். காற்றாலை நிற்கும் ஊரார்க்கும், கடலில் நிறுவப்பெறின் பரதவர்க்கும், பங்குரிமை சட்டத்தால் உறுதியாதல் வேண்டும். கூறிய இலக்கில் எவ்வளவு நிறைவேறிற்று என்பதை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் தமிழில் கணக்கிட்டுக் காட்டுதல் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது தமிழ் மக்களின் கடமை. கேட்கும் அறிவை ஊட்டுவது தமிழாசிரியரின் கடமை.

தென்மேற்குக் காற்று ஆண்டுதோறும் தவறாமல் கணவாய் வழி புகுந்து வருகின்றது. கயத்தாற்றுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் அண்ணாந்து நோக்கி, அவ் இதழ் ஏன் சுழல்கிறது, அம் மின் எங்கே போகிறது, அதன் பயன் யாருக்கு என்று வினவும் நாளில், அம் மூன்றிற்கும் அவன் மொழியிலேயே விடைகூற ஓர் ஆசிரியர் அங்கே இருத்தல் வேண்டும். ஆசுக்கோவில் அவ்வாறு ஓர் ஆசிரியர் இருந்தார். ஆகவே அந் நாடு தன் காற்றைத் தானே ஆள்கின்றது.