டெய்லரின் கல் இருக்கையும் ஏழு பேர்ச் காணியும்

கண்டியிலிருந்து கலஹா வழியாக லூல்கந்துர தோட்டத்துக்கு ஏறிச் சென்றால், ஜேம்ஸ் டெய்லர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கையைக் காணலாம். 1867இல் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்ட இடம் இது. இலங்கையின் வர்த்தகத் தேயிலை இங்கிருந்துதான் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் அந்தக் கல்லில் இருந்து படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "தொர ஒக்காந்த கல்லப் பாக்கத்தான் எல்லாரும் வர்றாங்க தம்பி. நாங்க இருக்குற காம்பராவ யாரு வந்து பாக்குறா?" என்றார்.

பிரான்ஸின் செந்-தெமிலியோன் திராட்சைத் தோட்டப் பிரதேசத்தை 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. கொடியோடு மண்ணையும் ஊரையும் கோயிலையும் சேர்த்தே அந்த மரபுரிமை கணக்கிடப்பட்டது. எங்கள் தேயிலையையும் அப்படிக் கொண்டாட வேண்டும் என்கிறவர்கள் உண்டு. கொண்டாடலாம். ஆனால் மரபுரிமைப் பட்டம் கூலியாளைக் காப்பாற்றாது. 2015இல் அதே பட்டியலில் சேர்ந்த ஷாம்பேனில், 2023 அறுவடைக்கு அழைத்துவரப்பட்ட 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மனிதர் வாழத் தகாத கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை ஆட்கடத்தல் என்றே தீர்ப்பளித்தது.

அங்கே வழக்காவது நடந்தது. இங்கே 1948இல் சட்டமே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரண்டு பிரதமர்கள் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது கண்டி மாவட்டத்தில் பட்டினி. பின்னர் 1977 வன்செயல். உயிர் தப்பிய பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் வன்னியில் நம்மோடு செத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். நமது நினைவேந்தல் பேச்சுகளில் இதை நாமே அரிதாகத்தான் சொல்கிறோம்.

சம்பளத்தைப் பற்றித்தான் எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றானது. 2026 வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் பங்காக 200 ரூபாய் வரவுப்படியும் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அரச தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி நிலுவை பல ஆண்டுகளாக இழுபடுகிறது. ஓய்வுபெற்றவர் கைக்கு அது வராவிட்டால் நாட்சம்பளம் கூடி என்ன பயன்?

காணிக் கதை இன்னும் மோசம். வீடு கட்ட ஏழு பேர்ச்சா, பத்தா, இருபதா என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஏலம் போகிறது. கையில் கிடைப்பதோ பெரும்பாலும் உறுதி அல்ல, ஏதோவொரு பத்திரம். உறுதி இல்லாத நிலத்தில் வங்கிக்கடன் இல்லை. மண்சரிவில் லயன் புதைந்தால் இழந்த நிலம் என்று காட்டுவதற்கும் எதுவும் இல்லை. 2025 நவம்பர் புயல் கண்டி மலைகளைச் சரித்தபோது இந்தக் கேள்விதான் மீண்டும் எழுந்தது.

டெய்லர் 1892இல் இறந்தார். லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை அவரது உடலைச் சுமந்து வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மஹய்யாவ மயானத்தில் அவர் கல்லறையில் பெயர் இன்றும் தெளிவாக வாசிக்க முடிகிறது. சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வரும் கடிதம் இன்றும் பல தோட்டங்களில் வீட்டுக்கு வருவதில்லை. தோட்ட ஆபீசுக்குத்தான் போகிறது, ஏனென்றால் லயத்துக்கு விலாசம் கிடையாது.