ஒரு வாசலுக்கு மருத்துவிச்சி, இன்னொரு வாசலுக்குப் போலீஸ்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் எச்.ஐ.வி. பற்றிப் பேச்சு வந்தது. இலங்கையில் இந்நோய் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு அங்குள்ள 'குடும்பப் பண்பாடு'தான் காரணம் என்றார் ஒரு தோழர். சாதி ஒழிப்பு பேசக் கூடிய கூட்டத்தில் இப்படி ஒரு வாதமா என்று எனக்கு உறுத்தியது. நோய் வந்தவர் ஒழுக்கம் கெட்டவர், வராதவர் தூய்மையானவர் என்பதைத்தானே வேறு சொற்களில் சொல்கிறோம்?

இலங்கையில் முதல் தொற்று கண்டறியப்பட்டது 1987இல். இன்றும் வயது வந்தோரில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே தொற்று இருப்பதாக மதிப்பீடு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெரிய சாதனைதான். ஆனால் பண்பாட்டின் சாதனை அல்ல, மருத்துவிச்சிகளின் சாதனை. 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதார அலகாகத் தொடங்கி நாடெங்கும் விரிந்த ஏற்பாடு அது. அரசுச் சம்பளம் வாங்கும் மருத்துவிச்சி வீடு தேடி வருகிறார், கர்ப்பிணியைப் பதிவேட்டில் சேர்க்கிறார், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். காசு கிடையாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரே பரிசோதனை என்பதால் அங்கே போனவளை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. (மலையகத் தோட்டங்களுக்கு இந்த ஏற்பாடு வெகு தாமதமாகவே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

தாயாகப் போகிறவளின் வாசலுக்கு அரசு இப்படி வருகிறது. பாலியல் தொழில் செய்யும் பெண்ணிடம் வரும் அரசு ஊழியர் யார்? போலீஸ்காரர். அவர் கையில் இருப்பது 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம். நம் ஊரில் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்ட அதே வெள்ளை அதிகாரத்தின் அதே புத்திதான்: செய்த குற்றத்துக்காக அல்ல, இன்னார் என்பதற்காகப் பிடிப்பது. கைப்பையில் ஆணுறை இருந்தால் அதுவே சாட்சியாகிவிடுகிறது என்று அப்பெண்கள் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள். சுகாதாரத் துறை கொடுத்த ஆணுறையைக் காவல்துறை சாட்சியாக எடுத்துக்கொண்டால், நாளைக்கு எந்தப் பெண் அதை வாங்கிப் பையில் வைப்பாள்?

ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கையர் நிலையும் இதுதான். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் அவர்கள் தலைமேல் தொங்குகின்றன. 1995இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்து விரித்தார்கள். அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மசோதா நிறைவேறாமலே 2024இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணுக்கோ பரிசோதனை கட்டாயம்; ஆனால் அது அவளுடைய சிகிச்சைக்காக அல்ல, விசாவுக்காக.

சிகிச்சை இல்லாத நாடல்ல இலங்கை. அரசுச் சிகிச்சை நிலையங்களில் மருந்து இலவசம். அந்த வாசல்வரை வர அஞ்சுபவர்களைத் தேடிப்போகும் ஆள்தான் இல்லை. அந்த வேலை பெரும்பாலும் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியத்தின் பணத்தை நம்பியே நடந்து வந்திருக்கிறது. மருத்துவிச்சிக்கு அரசு வேலையும் ஓய்வூதியமும்; தெருவில் இறங்கும் களப்பணியாளருக்கு வெளிநாட்டுப் பணம் வரும்வரை வேலை. யாருடைய உயிர் அரசின் பொறுப்பு, யாருடையது தருமக் கணக்கு என்பதைச் சம்பளப் பட்டியலே காட்டிக் கொடுக்கிறது.

2016இல் குளியாப்பிட்டியப் பகுதியில் நடந்ததை மறக்க முடியவில்லை. தந்தை எய்ட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனைப் பள்ளிகள் சேர்க்க மறுத்தன. ஒரு பள்ளி சேர்த்தபோது மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கிருந்து அழைத்துப் போனார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் என்றபோதும் சாதி இந்துக்கள் இதைத்தான் செய்தார்கள். பள்ளிகளைக் கொளுத்தவும் செய்தார்கள். அந்தக் குளியாப்பிட்டியச் சிறுவனுக்காகப் பேசிய நல்லவர்கள் பலரும் சொன்னது, "அவனுக்குத் தொற்றே இல்லை" என்பது. இருந்திருந்தால்? தொற்றுள்ள பிள்ளைக்கும் கல்வி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவனுக்காகப் பரிந்து பேசியவர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போனார்கள்?

நோய் குறைவு என்பதால் அவசரம் இல்லை என்கிறார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். சில ஆயிரம் பேருக்கே தொற்று இருக்கிற நாட்டில் ஒவ்வொருவரையும் கண்டு, மருந்து கொடுத்து, கூடவே நிற்க முடியும். அதை எப்படிச் செய்வது என்று மருத்துவிச்சிகள் ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்கள். பாலியல் தொழிலாளரிலிருந்தும் திருநங்கையரிலிருந்தும் களப்பணியாளர்களை எடுத்து, மருத்துவிச்சிக்குக் கொடுக்கும் அதே அரசு வேலையை அவர்களுக்கும் கொடுக்கட்டும். அந்த 1841ஐயும் 1883ஐயும் தூக்கி எறியட்டும். கூட்டத்தில் அந்தத் தோழரிடம் இவ்வளவும் சொன்னேன். "அரசு வேலையா, அவர்களுக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்.