எண் மாறாத ஸ்விட்ச்

மதிப்பிற்குரிய மேரி பாரா அவர்களுக்கு,
தலைமை நிர்வாக அதிகாரி, ஜெனரல் மோட்டார்ஸ், டெட்ராய்ட்.



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கார் கம்பெனிக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பும் இடம்கூட இல்லை அது. கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களுக்குப் பாகம் செய்து கொடுக்கிற இடம். வாஷர், கிளிப், பிராக்கெட். உங்களுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. பிறகு எதற்குக் கடிதம் என்றால், உங்களைப் பற்றி எப்போதோ படித்த ஒரு தகவல்தான் காரணம். 1980-ல், பதினெட்டு வயதில், படிப்புச் செலவுக்காக பாண்டியாக் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தீர்களாம். ஃபெண்டரும் பானெட்டும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. உங்கள் அப்பா அதே பாண்டியாக்கில் 39 வருடம் டை மேக்கர். பெரிய கம்பெனி முதலாளிகளுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் டை மேக்கர் வீட்டுப் பெண், அதுவும் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவர் என்றால், நான் சொல்லப் போவது புரியும் என்று ஒரு நம்பிக்கை.

2014 ஜனவரி 15-ம் தேதி நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரம் வெடித்தது. செவர்லே கோபால்ட், சேட்டர்ன் அயான் மாதிரியான சின்னக் கார்களில் சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச். சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஓரிடத்தில் நிற்க வேண்டும் இல்லையா? அந்த 'டக்'கைக் கொடுப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்கும் அது தள்ளுகிற பிளஞ்சரும். அந்த ஜோடி குட்டையாகப் போய்விட்டது. சாவிக்கொத்து கனமாகத் தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ சாவி தானாகப் பின்னுக்குத் திரும்பிவிடும். ஓடுகிற வண்டியில் இன்ஜின் அணையும், பவர் ஸ்டியரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. கம்பெனி அப்போது சொன்ன சாவுக் கணக்கு 13. நஷ்டஈட்டு நிதி கடைசியில் ஒப்புக்கொண்டது 124.

இது ஊரறிந்த கதை. 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தீர்கள், 15 பேரை வேலையை விட்டு அனுப்பினீர்கள், 2015-ல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டினீர்கள். என்னை உறுத்துவது வேறு ஒன்று.

2006 ஏப்ரலில் உங்கள் பொறியாளர் ஒருவர் அந்த ஸ்விட்சைத் திருத்தக் கையெழுத்துப் போட்டார். ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் நீளமாயின. நல்ல காரியம். ஆனால் பாக எண் மாறவில்லை. பழைய ஸ்விட்சுக்கும் புதிய ஸ்விட்சுக்கும் ஒரே எண். அதனால் என்ன ஆயிற்று? 2008 மாடலிலிருந்து விபத்து ஏன் குறைந்தது என்று உங்கள் ஆட்களே வருடக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். எண் மாறாததால் பாகமும் மாறவில்லை என்று நம்பினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் இப்படி ஒரு விபத்தில் மகளை இழந்த பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்புப் பொறியாளர், நொறுங்கிய காரிலிருந்து எடுத்த ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புது ஸ்விட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் பிளஞ்சர் குட்டை, ஒன்றில் நெட்டை. உலகத்தின் பெரிய கார் கம்பெனி கண்டுபிடிக்காததை, முப்பது டாலர் சுமாருக்கு ஒரு ஸ்விட்ச் வாங்கி ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார்.

நானும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு கிளிப்பில் துளை ஓரம் பிசிறு விட்டது. டூல் ரூமில் துளை போடும் பஞ்ச் கருவியைத் தீட்டினார்கள். துளை ஒரு மயிரிழை மாறிற்று. டிராயிங்கில் ரிவிஷன் எழுத்தை 'ஏ'-யிலிருந்து 'பி' ஆக்க வேண்டும். ஆக்கினால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பார், சாம்பிள் கேட்பார், பதினைந்து நாள் சரக்கு நிற்கும். "அளவுக்குள்ளதானே இருக்கு, போட்டு அனுப்புப்பா" என்றார் மேலே இருந்தவர். கையெழுத்துப் போட்டது நான்தான். டூல் ரூமில் இருந்த பெரியவர் மட்டும் அந்த லாட்டின் ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு பொட்டு வைத்தார். எதற்கு அண்ணே என்றேன். "நாளைக்கு எவனாவது தேடி வந்தா, எது எதுன்னு தெரியணும்ல" என்றார். கிளிப் என்பதால் நான் தப்பித்தேன். ஆனால் உங்கள் ஸ்விட்ச் கதையைப் படித்த அன்று ராத்திரி அந்த மஞ்சள் பொட்டுதான் கண்ணில் நின்றது.

இதை ஒரு தனி ஆளின் தப்பு என்று விட்டுவிட முடியவில்லை, மேடம். உங்கள் கம்பெனியின் பேரே எதில் வந்தது என்று பாருங்கள். 1908-ல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் மூன்று காடிலாக் கார்களை நட்டு நட்டாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்து வைத்துவிட்டு, கடையிலிருந்த உதிரிகளை அந்த இடத்தில் போட்டார்கள். அரம் போடாமல், தட்டிக் கொட்டாமல், ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்து மூன்று காரையும் திரும்பப் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள். ஓடின. அதற்காகத்தான் காடிலாக்குக்கு டூவர் கோப்பை கொடுத்தார்கள். மறுவருடமே அந்தக் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. பில்லி டுரான்ட் என்கிற குதிரை வண்டி வியாபாரி ஃபிளின்ட் ஊரில் 1908 செப்டம்பரில் ஆரம்பித்த கம்பெனிக்கு அது பெரிய சீதனம். ஒரு பேர் போட்ட பாகம் என்றால் எங்கே எடுத்தாலும் அதே பாகம்: அந்தக் கோப்பைக்கு அர்த்தம் அவ்வளவுதான். எங்கள் அம்பத்தூர் உட்பட உலகத்தின் எல்லா உதிரிபாகப் பட்டறையும் அந்த அர்த்தத்தில்தான் பிழைக்கிறது.

இன்னொன்று. கையால் சுழற்றி இன்ஜின் கிளப்புகிற வேலையை ஒழித்து, மின்சாரத்தில் ஸ்டார்ட் ஆகிற முறையை 1912 மாடல் காடிலாக்கில் கொண்டுவந்ததும் நீங்கள்தான். சார்லஸ் கெட்டரிங் செய்தது. சுழற்று கம்பி எகிறிக் கை முறிவது அதிலிருந்து குறைய ஆரம்பித்தது. அதே கெட்டரிங்கின் ஆய்வுக்கூடத்தில் 1921-ல் பெட்ரோலில் ஈயம் கலக்கவும் கண்டுபிடித்தார்கள். அதை விற்கும்போது 'எத்தில்' என்று பேர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல்லே அதில் இல்லை. 1924-ல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். பேரிலிருந்து விஷத்தை எடுத்துவிடுகிற இந்தச் சாமர்த்தியம் உங்கள் வீட்டில் பழையது.

ஆல்ஃப்ரட் ஸ்லோன் காலத்தில் ஒவ்வொரு பர்ஸுக்கும் ஒரு கார் என்று ஏணி கட்டினீர்கள். கீழ்ப்படியில் செவர்லே, மேல்படியில் காடிலாக். ஃபோர்டை முந்தினீர்கள். 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி உங்களுடையது. ஏணியில் ஒவ்வொரு படியும் வேறு வேறாக இருந்தவரை அது நின்றது. 1977-ல் ஓல்ட்ஸ்மொபில் வாங்கியவர்கள் பானெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே செவர்லே இன்ஜின். கோர்ட்டுக்குப் போனார்கள், பணம் கொடுத்து முடித்தீர்கள். 1980-களில் செவர்லே கவாலியருக்கு வேறு முகப்பும் தோல் சீட்டும் போட்டு 'சிமரான்' என்று காடிலாக் ஷோரூமில் நிறுத்தினீர்கள். டூவர் கோப்பை வாங்கிய பேர் அது.

எங்கள் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் செவர்லே டவேரா. தமிழ்நாட்டில் கல்யாண வீடு, சபரிமலை, ஏர்போர்ட் என்று எங்கே போனாலும் கூப்பிட்ட வண்டி. 2013-ல் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தீர்கள். புகைச் சோதனைக்குப் போகும் வண்டிகளில் குறைவாகப் புகை விடும் இன்ஜின்களாகப் பொறுக்கிப் பொருத்தி அனுப்பியிருந்தது வெளியே வந்தது. சோதனைக்குப் போனதும் டவேரா, என் மச்சான் வாங்கியதும் டவேரா. பேர் ஒன்றுதான்.

கம்பெனியும்கூட அப்படித்தான் ஆயிற்றே. 2009 ஜூன் 1-ம் தேதி திவால் மனு. நாற்பது நாளில் 'புதிய' ஜெனரல் மோட்டார்ஸ் வெளியே வந்தது. அதே பேர், அதே சின்னம். ஸ்விட்ச் வழக்குகள் வந்தபோது உங்கள் வக்கீல்கள் சொன்னது: அது பழைய கம்பெனி செய்தது, நாங்கள் வேறு. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கேடயத்தைப் பறித்தது. அந்த வாதத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஸ்விட்சை மாற்றி எண்ணை விட்டுவிட்டீர்கள். கம்பெனியை மாற்றிப் பேரை வைத்துக்கொண்டீர்கள்.

உங்கள் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1966 மார்ச்சில் உங்கள் கம்பெனியின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டி முன்னால் நின்று, ரால்ஃப் நேடர் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டார். கோர்வேர் கார் ஆபத்தானது என்று எழுதியதுதான் நேடர் செய்த குற்றம். 48 வருடம் கழித்து 2014 ஏப்ரலில் நீங்கள் நாடாளுமன்றக் கமிட்டிகள் முன்னால் உட்கார்ந்தீர்கள். ரோச் போல முடித்துவிட்டுப் போகவில்லை. வக்கீல் வலுகாஸின் 300 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையை வெளியிட்டீர்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு ஒருவரும் ஒன்றும் செய்யாமல் போவதற்கு உங்கள் கம்பெனியில் 'ஜிஎம் தலையாட்டல்' என்று பேரே இருந்ததாக அதில்தான் தெரிந்தது. 2008-ல் ஊழியர்களுக்குக் கொடுத்த பயிற்சியில், எழுதக் கூடாத 69 சொற்களின் பட்டியலும் வெளியே வந்தது. 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. எங்கள் ஷாப்பில் குறைபாடான சரக்குக்கு ஒரே மொழி, சிவப்பு டேக். அதில் எழுத இடம் இரண்டு அங்குலம்தான். சுற்றி வளைக்க முடியாது.

இந்த வலியை மறக்க விடமாட்டேன் என்று ஊழியர்களிடம் சொன்னீர்கள். கீழே இருப்பவன் தைரியமாகச் சொல்ல ஒரு திட்டம் கொண்டுவந்தீர்கள். 2021-ல் போல்ட் கார் பேட்டரி தீப்பிடித்தபோது, விற்ற எல்லா போல்ட்டையும் திரும்ப அழைத்தீர்கள். அதைப் பார்த்து, சரி, பாடம் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

2023 அக்டோபர் 2 ராத்திரி, சான் பிரான்சிஸ்கோ. வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண் ஒருவர், உங்கள் குரூஸ் கம்பெனியின் டிரைவர் இல்லாத காருக்கு முன்னால் வந்து விழுந்தார். கார் அவர் மேல் ஏறி நின்றது. பிறகு ஓரம் கட்டுகிறேன் என்று சுமார் இருபது அடி அவரை இழுத்துக்கொண்டே போயிற்று. மறுநாள் அதிகாரிகளிடம் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். இணையம் சிக்கிச் சிக்கி ஓடிற்று. இழுத்துக்கொண்டு போன விஷயத்தை வாய் திறந்து சொல்லவில்லை. வீடியோவே பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் அமர்த்திய வக்கீல் நிறுவனத்தின் அறிக்கையே அப்படிச் சொல்கிறது. 2024-ல் பொய்யான அறிக்கை கொடுத்ததாக குரூஸ் ஒப்புக்கொண்டு ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அந்த டிசம்பரில் ரோபோ டாக்ஸிக்குப் பணம் போடுவதையே நிறுத்தினீர்கள். கடையை மூடியாயிற்று. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து வீடியோ சிக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களில் ஒருத்தருக்குக்கூட, "ஐயா, அதற்குப் பிறகு கார் நகர்ந்தது" என்று சொல்ல ஏன் வரவில்லை? உங்கள் திட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அதனால் உங்களிடம் புது வாக்குறுதி எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஒன்றைக் கேட்கிறேன். பாண்டியாக்கில் அந்தப் பதினெட்டு வயதில், சரியில்லை என்று நீங்கள் ஒதுக்கி வைத்த ஒரு ஃபெண்டரை யாராவது எடுத்துத் திரும்ப லைனில் போட்டதுண்டா? எங்கள் ஷாப்பில் மாதம் ஒருமுறையாவது நடக்கும். உங்கள் ஆலையிலும் நடந்திருக்கும். அன்று நீங்கள் யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? அப்பாவிடமா, சூப்பர்வைசரிடமா, இல்லை என்னைப் போலப் பேசாமல் கையெழுத்துப் போட்டீர்களா?

அதை மட்டும், வக்கீலிடம் காட்டாமல், உங்கள் ஆலைகளில் இன்று இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிற பையன்களுக்கும் பெண்களுக்கும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு பழைய இன்ஸ்பெக்டர்