கூப்பிட்டால் வராத நாய் காவலுக்கு உதவாது

மரக்காணம் வட்டாரத்தில் மல்லாட்டைக் கொல்லையானாலும், தர்பூசணித் தோட்டமானாலும், சவுக்குத் தோப்பானாலும் காவலுக்கு ஒரு நாய் இருக்கும். அந்த நாய் பெரும்பாலும் இரண்டு விதமாகவே வளர்கிறது. ஒன்று, இரவு பகலாகச் சங்கிலியில் கிடக்கும். அல்லது அவிழ்த்து விட்டபடி ஊர் சுற்றும். இரண்டிலும் விவசாயிக்கு நன்மை குறைவு, தொல்லை அதிகம். வளர்ப்பவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் நாய்தான் காவல் நாய். அதைப் பழக்க ஒரு கயிறும் சிறிது பொறுமையும் போதும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தக் கடற்கரையில் நாய் ஓடும் ஓட்டம் அதன் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகும் கார்கள் அனுமந்தை, கூனிமேடு வழியாக ஓயாமல் பறக்கின்றன. இன்னொரு பக்கம் உப்பளம். கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும் பாத்தியில் நாய் முயலைத் துரத்திக்கொண்டு ஓடினால் அடிமண் கலங்கி உப்பு அழுக்காகும். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தியவர்களின் உழைப்பு வீண். ஓடிக் களைத்த நாய் தாகத்தில் பாத்தி நீரைக் குடித்துவிட்டாலோ வாந்தியும் கழிச்சலும் காணும், மிஞ்சினால் வலிப்பும் வரும். கொல்லையில் ஒரு சட்டி நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

உப்பளத்தை அடுத்துக் கழுவேலி. 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட இந்த நீர்நிலை 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பவளக்காலி போன்ற பறவைகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை; திறந்த தரையிலும் வரப்பிலும் முட்டையிடும். ஒரு நாய் ஒரு காலை நேரத்தில் பல கூடுகளை அழித்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வம்பு ஆடு. அடுத்தவர் ஆட்டைத் துரத்திக் கடித்த நாயால் இரண்டு குடும்பங்கள் பல வருஷம் பேசாமல் இருப்பது கிராமத்தில் புதிதல்ல. வரப்புத் தகராறைக்கூட அளந்து தீர்த்துவிடலாம், இதைத் தீர்க்க முடியாது.

அதற்காகத்தானே கட்டிப் போடுகிறோம் என்பார்கள். கட்டியே கிடக்கும் நாய் வெறிகொண்டு, அவிழ்ந்த அன்று முதலில் எதிர்ப்பட்டதன் மீது பாயும். மேலும், நாயைக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாதிருப்பதும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 11ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

இனி, கயிறு. இரும்புச் சங்கிலி இந்த ஊருக்கு ஏற்றதன்று. உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கொக்கி இறுகிக்கொள்ளும். அவசரத்துக்கு அவிழாது, அவிழக் கூடாத நேரத்தில் அறுந்து போகும். தோல் வார் நல்லதுதான், ஆனால் எண்ணெய் தடவிப் பேணாவிட்டால் விறைத்து வெடிக்கும். மெல்லிய நைலான் கயிற்றை நாய் வெடுக்கென்று இழுத்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். தேங்காய் நார்க் கயிறு நாயின் கழுத்தைத் தேய்த்துப் புண்ணாக்கும். நாடாக் கட்டிலுக்குப் பின்னுகிறோமே, அந்த அகலப் பருத்தி நாடாதான் சிறு விவசாயிக்குத் தோதானது. மலிவு, கைக்கு இதம், துவைத்துக் காய வைக்கலாம். கழுத்துப்பட்டைக்கும் அதையே இரட்டையாகத் தைத்துக்கொள்ளலாம். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே 2 விரல் நுழைய வேண்டும். கொக்கி பித்தளையானால் துருத் தொல்லை இல்லை. சுருக்கு முடிச்சு மட்டும் ஒருபோதும் கூடாது.

நடத்திச் செல்ல 5 அல்லது 6 அடி நாடா போதும். பழக்குவதற்கு 30 அடி நீளத்தில் தடித்த கயிறு ஒன்று தனியாக வேண்டும்; அது தரையில் இழுபடத்தான், ஆகவே பழைய கயிறானாலும் சரி. பட்டணத்துக் கடைகளில் பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருளும் வார் ஒன்று விற்கிறார்கள். மணலும் உப்பும் புகுந்தால் அது சுருளாது. வீண் செலவு.

பழக்கத்தைக் குட்டி வீட்டுக்கு வந்த எட்டாவது வாரத்திலேயே தொடங்கலாம். முதலில் வீட்டார் எல்லோரும் ஒரே பெயர், ஒரே சொல் என்று முடிவு செய்ய வேண்டும். அப்பா ‘மணி’ என்றும், பிள்ளைகள் ‘டைகர்’ என்றும், பாட்டி ‘தோ தோ’ என்றும் கூப்பிட்டால் நாய் எதைக் கேட்கும்? ‘தோ தோ’ என்றால் தெரு நாய்கள் அத்தனையும் வந்து நிற்கும்! ‘மணி, வா’ என்பது போதும். பிற்பகலில் கடல்காற்று எழுந்தால் குரல் காற்றோடு போய்விடும். ஆகவே சீழ்க்கையையும் சேர்த்துப் பழக்குவது நல்லது.

வேலை நெருக்கடியில் நாய்க்குப் பாடம் நடத்த நேரம் ஏது என்று கேட்கலாம். சோறு வைக்கும் நேரமே பள்ளிக்கூடம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சில அடி தள்ளிக் குந்தி, ஒரு முறை மட்டும் கூப்பிட வேண்டும். வந்ததும் தடவிக் கொடுத்து ஒரு கவளம் வைக்க வேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு மிகுதி. முள் நீக்கிய வெந்த மீன் போதும். வீட்டு வாசலில் பழகிய பிறகு 30 அடிக் கயிற்றுடன் கொல்லைக்குப் போகலாம். கூப்பிட்டும் வராவிட்டால் கயிற்றை மெல்ல இழுத்து வரவழைக்கலாம். பின்னால் ஓடித் துரத்தினால் அதை விளையாட்டு என்று நினைத்து நாய் இன்னும் தூரம் போகும்.

பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. நாய் அரைநாள் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் கோலை எடுக்கிறார்கள். சுற்றியதற்காக அடி என்று நாய்க்குப் புரியாது. ‘வந்தேன், அடித்தார்கள்’ என்பதுதான் அதற்குத் தெரியும். அடுத்த முறை ஏன் வரப்போகிறது? கட்டுவதற்கு மட்டுமே கூப்பிடுவதும் இப்படித்தான். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தட்டிக் கொடுத்துத் திரும்ப ஓட விட வேண்டும்.

கூப்பிட்டால் வரும் நாய் சாதுவாகிக் காவல் காக்காது என்ற எண்ணம் பிழை. குரைப்பதும் மறிப்பதும் அதன் இயல்பு. நிறுத்தும் அதிகாரம் மட்டுமே வளர்ப்பவரிடம் வருகிறது. சிப்பிப்பாறை வாங்கும் ஆசை சிலருக்கு உண்டு. அது வேட்டை இனம்; முயல் ஓடினால் அதற்குக் கண் மட்டுமே வேலை செய்யும், காது செய்யாது. கொல்லைக் காவலுக்கு நாட்டு நாய்க்குட்டியே மேல்.

எந்த நாயானாலும் மூன்றாம் மாதம் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் போட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

நாய் பழகிவிட்டது என்று கயிற்றை ஒரேயடியாக எடுத்துவிடக் கூடாது. 30 அடி 15 அடியாகி, பிறகு ஒரு முழமாகக் கழுத்தில் தொங்கட்டும். கடைசிப் பாடம் ஆட்டு மந்தை. மேய்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, நீளக் கயிற்றைக் கையில் பிடித்து, மந்தைக்குத் தூரமாக நின்று தொடங்கி, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டப் போய்ப் பழக்கலாம். அவர் மறுக்கமாட்டார், அவருடைய ஆடுகளுக்கும் அது நல்லதுதானே.