சினிமா உடையும் நமது பிரமுகர்களும்

நமது பண்டார் பாரு வட்டாரத்துத் தோட்டமொன்றில் அண்மையில் நடந்தேறிய திருவிழாவில், பால்குடம் ஏந்தி வந்த பெண்கள் வரிசையிலிருந்து ஒரு பெண் விலக்கி நிறுத்தப்பட்டாள். அவள் செய்த குற்றம் யாதெனில், தோளில் பந்துபோலப் புடைத்த ‘பப் கை’ வைத்த ரவிக்கை அணிந்திருந்தாள் என்பதேயாகும். “இது சினிமாக்காரி வேஷம், இங்கே ஆகாது” என்றார் கமிட்டிப் பிரமுகர் ஒருவர். மறுவாரமே, சினிமா உடையும் சினிமாக் கிராப்பும் உடையோர் இனி ஊர்வலத்தில் கலந்துகொள்ளக் கூடாதென ஒரு தீர்மானமும் நிறைவேறிற்று. அத்தீர்மானத்தைக் கண்டிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கோயில் வேண்டுமா, வேண்டாமா என்ற விசாரணையை வேறு சமயத்துக்கு வைத்துக்கொள்வோம்.

முதலாவதாக, ஏழை என்ன உடுத்தலாம் என்று மேலே இருப்பவன் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தியதற்காகத் தெருவில் ஆடை கிழிக்கப்பட்டார்கள். நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின் 1859-ம் ஆண்டில் மன்னர் பிரகடனம் வெளியிட்டார். அதிலும் என்ன சொன்னார்? மார்பை மறைத்துக் கொள்ளலாம். ஆனால் உயர்ஜாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரியில் மட்டும் உடுத்தக் கூடாது என்றார். கவனியுங்கள் தோழர்களே! துணியின் மேல் அவருக்கு ஆட்சேபம் இல்லை. இன்னார்போல் இன்னார் தோன்றலாகாது என்பதே ஆட்சேபம். நமது கமிட்டியாரின் தீர்மானம் இப்பிரகடனத்தின் பேரப்பிள்ளை என்று சொன்னால் அவர்கள் கோபிக்கலாம். ஆனால் முகஜாடையை மறைக்க முடியாது.

இந்நாட்டிலும் கதை வேறல்ல. 1941-ம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமாரைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டுமென்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதாகும். வயிறு காய்ந்தவன் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டான்? தான் மனிதன் என்பதைக் கண்ணால் காணத்தக்க ஓர் அடையாளம் அவனுக்குத் தேவைப்பட்டது. உடையும் அத்தகைய அடையாளமே.

நிற்க. சினிமா இதில் எங்கே வந்தது? 1931-ல் ‘காளிதாஸ்’ மூலம் தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளாகவே, அது தமிழனுக்குத் தையற்காரனும் நாவிதனும் ஆகிவிட்டது. 1937-ல் ‘சிந்தாமணி’ வந்தது. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. இவற்றில் நடித்த எம். கே. தியாகராஜ பாகவதரைப்போல் பின்கழுத்தில் புரளும்படி முடி வளர்ப்பதற்குப் ‘பாகவதர் கிராப்பு’ என்ற பெயரே வழங்கலாயிற்று. 1985-ல் ‘பூவே பூச்சூட வா’ வந்தபின் நதியா கம்மலும் நதியா வளையலும் கடைதோறும் தொங்கின. 2005-ல் ‘சந்திரமுகி’ வந்ததும் அப்பெயரிலேயே சேலை விற்றது. தமிழன் உள்ள இடமெங்கும் இது நடந்தது, நடக்கிறது.

தமிழன்தான் இப்படி என்று எண்ணற்க. 1932-ல் ‘லெட்டி லிண்டன்’ என்ற அமெரிக்கப் படத்தில் நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு ஏட்ரியன் என்பவர் அமைத்த, தோளில் பெருத்த கை வைத்த அங்கியைப் பார்த்து அந்நாட்டுக் கடைகளில் எண்ணற்ற நகல்கள் தைத்து விற்றார்கள். வெள்ளைக்காரி பெருத்த கை வைத்தால் அது நாகரிகம். தோட்டத்துப் பெண் வைத்தால் அது வேஷம்! இந்த நியாயத்தை எந்த ஊர்ச் சந்தையில் வாங்கினார்கள் என்று கேட்கின்றோம்.

ஏழைமக்கள் சினிமாவைப் பார்த்து உடுத்துவதற்குக் காரணம் மூடத்தனமன்று. துரை பங்களாவின் வரவேற்பறைக்குள் தொழிலாளி நுழைந்து பார்த்ததில்லை. ஆனால் திடலில் இரு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகளில், ராஜாவின் பட்டும் ராணியின் முத்தும் லயத்துக்காரன் கண்முன்னும் ஒரே அளவில்தான் தோன்றின. ‘நீ பார்க்காதே’ என்று அங்கே எவனும் சொல்லவில்லை. பார்த்தவன் டவுனுக்குப் போய்த் தையற்காரரிடம் ‘இந்த மாதிரி’ என்று கைகாட்டிச் சொன்னான். அவன் ஆயுளில் தானாகத் தேர்ந்துகொண்ட பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று அந்தச் சட்டை.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். “நமது பரம்பரை உடை கெடுகிறது” என்பது ஒன்று. எது பரம்பரை? தைத்த ரவிக்கையும் உட்பாவாடையும் தமிழ்ப் பெண்களிடையே பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும்தான். தீர்மானம் போட்ட பிரமுகர்கள் அன்று மேடையில் அணிந்திருந்த பட்டு ஜிப்பாவும் சரிகை அங்கவஸ்திரமும் பாகவதர் படங்களில் நாம் காணும் கோலமன்றி வேறென்ன? தாத்தா பார்த்த சினிமா பரம்பரையாகிவிட்டது. பேத்தி பார்த்த சினிமா பாவமாகிவிட்டது. அவ்வளவே வித்தியாசம்.

அந்தப் பெண்ணின் ரவிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. பின்னர் அவள் வீட்டுக்குச் சென்றபோது சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய படத்தைக் கண்டேன். ஆற்றுக்கு அக்கரையில் பாரிட் புந்தாரில், 1950-ஐ ஒட்டி அவளுடைய கொள்ளுப்பாட்டி எடுத்துக்கொண்ட படம் அது. அக்காலத்துக் கதாநாயகியரைப் பார்த்துத் தைத்த அதே பப் கை! தன் முதல் மாதச் சம்பளத்தில் அப்பெண் தைத்துக்கொண்டது பாட்டியின் ரவிக்கையே. பரம்பரையைக் காப்பதாகச் சொன்னவர்கள் பரம்பரையைத்தான் வரிசையிலிருந்து தள்ளினார்கள்.

“கடன்பட்டு உடுத்துகிறார்கள்” என்பது மற்றோர் ஆட்சேபம். இது நியாயமானதே, கடன் வாங்கி உடுத்தாதீர்கள் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, ஒரே இரவில் வாணமாகக் கொளுத்துகிறவர்கள் சிக்கனம் போதிக்க யோக்கியதை உடையவர்களா?

சினிமாவைக் கண்டிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைப் பிரமுகர்கள் கண்டிக்க மாட்டார்கள். 1972-ல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில் பட்டணத்து நாகரிகத்தில் வளர்ந்த மனைவி அடக்கப்படுகிறாள். 1992-ல் வந்த ‘மன்னன்’ படத்தில் தொழிற்சாலை நடத்திய பெண் முடிவில் வீட்டுக்குள் அடங்குகிறாள். இத்தகைய படங்கள் புது உடையைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, அதை உடுத்தியவளைத் திமிர்பிடித்தவள் என்று தண்டிக்கின்றன. கைநீட்டி வரிசையை விட்டு விலக்கிய பிரமுகர், சினிமாவின் உடையை வெறுத்தாலும் அதன் நீதியை நன்றாகவே கற்றிருக்கிறார்! நாம் சொல்வது நேர்மாறானது: உடையை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நீதியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

1943-ல் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாத் தோட்டத்துப் பெண்கள் காற்சட்டை அணிந்து துப்பாக்கி ஏந்தினார்கள். 1929-ம் ஆண்டு டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியார், பெண்கள் முடியைக் குறைத்துக்கொண்டு ஆண்களைப்போலவே உடுத்தலாம் என்று எழுதியும் பேசியும் வந்தவர். 1921-ல் மதுரையில் காந்தியார் மேலாடையைத் துறந்தார்; அம்பேத்கரோ கோட்டு அணிந்தே நின்றார். துறப்பதற்கு இருந்தவர் துறந்தார், மறுக்கப்பட்டவர் அணிந்தார். இவ்வேற்றுமையைத் தோட்டத்துத் தமிழன் கதையாகிய ‘கபாலி’ 2016-ல் பேசியபோது கைதட்டியவர்களுள் நமது கமிட்டியாரும் இருந்தனர் அன்றோ?

கடைசியாக என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத்துக் கிராணி. இங்கிலீஷ்ப் பள்ளிக்கூடம் எனக்கு மாட்டிவிட்ட காற்சட்டையும் பூட்ஸும் அணிந்துதான் அன்று போனேன். அதுவும் பிறரைப் பார்த்து உடுத்தியதே. எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அந்தப் பெண் விலக்கப்பட்டபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. கிராணி வேஷத்துக்கு நாற்காலியும் சினிமா வேஷத்துக்கு வெயிலும் என்று பிரித்த நியாயத்தில் நானும் அன்று பங்குகொண்டேன். அந்த வெட்கமே இதை எழுதச் செய்தது.

ஆகவே, கமிட்டியார் அத்தீர்மானத்தை வாபஸ் பெற்று, அப்பெண்ணிடம் ஊரார் முன்னிலையில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதுவரை வரி கொடுப்பதில்லை என்று நான் அவர்களுக்கு எழுதிவிட்டேன். வாலிபத் தோழர்களும் தாய்மார்களும் அவ்வாறே செய்வார்களாக. அடுத்த திருவிழாவில் பப் கை வைத்த ரவிக்கையோடு எத்தனை பெண்கள் வருகிறார்கள் என்று பார்ப்போம்!