இரும்புக்கு உரிமையாளர் உண்டு

இடைநிலைப்பள்ளியில் பாரம் நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று மட்டும் எழுதுவேன். என்ன வியாபாரம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற கூச்சம். அப்பா கிள்ளான் வட்டாரத்தில் பழைய இரும்பு எடுக்கிறார். கட்டடம் இடிக்கும் இடங்களில் கம்பி, செம்பு, அலுமினியம் வாங்கி லோரியில் ஏற்றுவதுதான் அவர் வேலை.

பல்கலைக்கழக விடுமுறையில் இப்போது நானும் உடன் போகிறேன். அண்மையில் இடிக்கப்பட்ட கடைவீடு ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் காவல்துறையினர் லோரியை நிறுத்தினர். அப்பா தம் உரிமத்தையும் குத்தகையாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் காட்டினார். ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்று காலை அந்தக் கடிதத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தபோது சலித்துக்கொண்டவன் நான்.

“கடிதம் இல்லன்னா லோரியில இருக்கறது சரக்கு இல்லப்பா, திருட்டு,” என்றார் அப்பா.

இந்த வேறுபாடு நம் இளையர் பலருக்குத் தெரிவதில்லை. கைவிடப்பட்ட கட்டுமானத் தளத்தில் கிடக்கும் கம்பி யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்கிறோம். “காவலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார்” என்பார்கள். தமக்குச் சொந்தமில்லாததைக் காவலாளி எப்படிக் கொடுக்க முடியும்? திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. 1946ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகர் சட்டப்படி, வாங்குபவருக்கு உரிமம் வேண்டும்; யாரிடம் வாங்கினார் என்ற பதிவும் வேண்டும். நூறு இருநூறு ரிங்கிட்டுக்காகப் படிப்பையும் வேலை வாய்ப்பையும் பணயம் வைக்கலாமா?

உயிருக்கும் ஆபத்து உண்டு. மூடிய டிரம்மை காஸ் வைத்து வெட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். செம்புக்காகக் கேபிளை எரித்தால் நச்சுப் புகை கிளம்பும். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம். தோலை உரித்தெடுத்த செம்புக்குத்தான் நல்ல விலை என்பதையும் அப்பாவிடம் கற்றேன்.

இத்தொழிலை இழிவாகப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டன் பழைய இரும்பை உருக்கி எஃகு செய்தால் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும், 1.5 டன் கரியமில வாயு காற்றில் கலக்காது. வகுப்பறையில் நாம் படிக்கும் மறுசுழற்சியை அப்பா போன்றவர்கள் வெயிலில் நின்று செய்கிறார்கள்.

ஆகவே மாணவ நண்பர்களே, விடுமுறையில் இந்த வேலைக்குப் போக வெட்கப்படாதீர்கள். ஆனால் போகும் முன் கேளுங்கள்: இந்த இரும்பு யாருடையது? கொடுத்தவருக்கு உரிமை உண்டா? எழுத்தில் இருக்கிறதா? பதில் இல்லையென்றால் தொடாதீர்கள்.

என் தம்பி இப்போது மூன்றாம் படிவத்தில் படிக்கிறான். அவனுடைய பள்ளிப் பாரத்தை இவ்வாண்டு நான்தான் நிரப்பினேன். தந்தையின் தொழில்: பழைய இரும்பு வியாபாரம்.